கொள்ளுக்குக் காசு உண்டு

குதிரையைப் படம் பிடித்து ஒரு மனிதன் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டால் நம்மவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் புத்தி சொல்ல ஆரம்பிக்கிறார்கள். சிரிப்பையாவது மன்னித்துவிடலாம். அந்தப் புத்திமதிகளைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கேள்வி செவிலிமேட்டில் பிறந்தது. காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, வந்தவாசி சாலை பாலாற்றைத் தாண்டப் போகிற இடத்தில் இருக்கிற ஊர். தனிப் பேரூராட்சியாக இருந்ததை 2011-ல் காஞ்சியோடு சேர்த்துவிட்டார்கள். ராமாநுஜர் வரதருக்குத் தீர்த்தம் சுமந்த சாலைக் கிணறு அந்தப் பக்கம்தான். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக்கு எழுந்தருளுகிறபோது செவிலிமேட்டு வழியாகத்தான் போகிறார். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை கடன் வாங்கி ஒரு காமிராவும் நீண்ட லென்ஸும் வாங்கிவிட்டான். பெண்களையும் குழந்தைகளையும் எடுப்பதைவிடக் குதிரைகளை எடுப்பதில்தான் அவனுக்கு நாட்டம். நன்றாகவும் எடுக்கிறான். தகப்பனாருக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் புத்தி சொன்னார்கள்.

ஒருவர் சொன்னார்: "தம்பி, இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள். உத்தியோகம் வேறு பார்." இன்னொருவர் சொன்னார்: "முதலில் நாலு பேருக்குச் சும்மா எடுத்துக் கொடு. பேர் வரும். பேர் வந்தால் பணம் பின்னாலேயே வரும்." மூன்றாமவர் சற்று நவநாகரிகம். "மனசுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போ, மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்றார். தானாக நடந்த எதையும் அவர் தம்முடைய வட்டிக் கடையில் இதுவரை அனுமதித்ததில்லை.

முதல் மனிதரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் பயந்தவர், பயத்தை ஒளிக்காமல் சொல்கிறார். மூன்றாமவரை விட்டுத்தள்ளுங்கள். என் சண்டையெல்லாம் அந்த நடு மனிதரோடுதான். 'பேர் வரும்' என்று சொல்கிற அந்தக் கனவான்தான் இந்த நாட்டில் எத்தனையோ கைத்தொழில்காரர்களைப் பட்டினி போட்டவர். அவர் கெட்டவரும் அல்ல. கோயிலுக்கு நன்கொடை கொடுப்பார். கல்யாண வீட்டில் முதல் ஆளாக மொய் எழுதுவார். பத்திரிகை வாங்கிப் படிப்பார். சொல்லப்போனால், அவர் உங்களையும் என்னையும் போலவே இருப்பார்.

செவிலிமேட்டில் குதிரை ஏது என்று கேட்கலாம். காஞ்சியில் குதிரை மூன்று விதம். ஒன்று கல் குதிரை: வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் வெளிப்புறத் தூண்களில் விஜயநகர காலத்துச் சிற்பி நிறுத்திவைத்தவை. முன்கால்களைத் தூக்கி, வீரனைச் சுமந்து, அன்று நின்றது நின்றபடி நிற்கின்றன. இரண்டாவது மரக் குதிரை: வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் எட்டாம் நாள் இரவு வரதர் ஏறி வருகிற வாஹனம். மூன்றாவதுதான் கொள்ளு தின்கிற குதிரை. அது காஞ்சியில் அதிகம் இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வருவது உண்டு. பையன் அதைத் தேடி ஆடி மாதம் ராத்திரி பஸ் ஏறி அந்தியூருக்குப் போகிறான்.

அந்தியூரை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஈரோடு ஜில்லாவில், அந்தியூருக்கு அருகே புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா நடக்கிறது. அதோடு சேர்ந்து பெரிய கால்நடைச் சந்தை கூடுகிறது. தமிழ்நாட்டில் குதிரையைக் குதிரையாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். காதியவாரி வரும். காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி வரும். மேளத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற நாட்டியக் குதிரைகள் வரும். வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் சுழியைப் பார்ப்பார். நெற்றியில் எத்தனை சுழி, கழுத்தில் எங்கே சுழி, எது வீட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தை நான் நம்புகிறேனா என்பது வேறு விஷயம். வாங்குகிறவர் நம்புகிறார், ஆகவே படம் எடுக்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சுழி தெரியாமல் எடுத்த படத்தைக் குதிரைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தரம் செய்து பார்க்க வேண்டும். விலைக்கு நிற்கிற குதிரையைப் பக்கவாட்டில் நிறுத்தி நாலு காலும் தெரிய எடுக்க வேண்டும்; ஒரு கால் இன்னொன்றை மறைத்தால், மறைந்த காலில் ஏதோ ஊனம் என்று பார்க்கிறவர் நினைப்பார். காமிரா குதிரையின் வயிற்று உயரத்துக்கு இறங்க வேண்டும். நின்றபடி எடுத்தால் கால் குட்டையாகிவிடும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பூசணிக்காயாகி உடம்பு எலிக்குஞ்சாகிவிடும். தூரத்தில் நின்று நீண்ட லென்ஸால் எடுக்க வேண்டும். அப்போது நடுவில் நூறு பேர் குறுக்கே போவார்கள். காது முன்னே திரும்பியிருந்தால்தான் குதிரைக்கு உயிர் உண்டு. அதற்கு ஒருவன் டப்பாவில் தானியத்தைப் போட்டுக் குலுக்க வேண்டும். மூன்றாவது குலுக்கலில் குதிரைக்குச் சூது புரிந்துவிடும், காதைத் திருப்பாது. ஆகவே மூன்று குலுக்கலுக்குள் காரியம் முடிய வேண்டும். கறுப்புக் குதிரையை உச்சி வெயிலில் எடுத்தால் நிழற் பொம்மைதான் மிஞ்சும். பளிச்சென்று பிளாஷ் போட்டால் குதிரை மிரண்டு நாலு பேரை உதைக்கும்.

மரக் குதிரை மிரளாது, வாஸ்தவம். ஆனால் அதைத் தூக்குகிற ஸ்ரீபாதந்தாங்கிகள் நிற்க மாட்டார்கள். தோளில் அத்தனை பாரத்தையும் வைத்துக்கொண்டு குதிரையைக் குதிக்க விடுவார்கள், குலுக்குவார்கள். படக்காரன் முன்னால் நின்று பின்பக்கமாகவே நடக்க வேண்டும். பின்னால் பள்ளம் இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று பார்க்க முடியாது. எதிரே தீவட்டி ஒரு வெளிச்சம், மின்விளக்கு ஒரு வெளிச்சம். இரண்டுக்கும் நிறம் வேறு. அந்த நிலைமையில் பெருமாள் முகமும் குதிரையின் தூக்கிய காலும் ஒரே படத்தில் துலங்குகிற க்ஷணம் ஒரு வீதிக்கு ஒன்றோ இரண்டோ வரும். அதைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காலையில் ஆறு பேர் போன் செய்வார்கள். "தம்பி, நேற்று எடுத்தாயே, அதை வாட்ஸாப்பில் தட்டிவிடேன்!"

தட்டிவிடுவதாம்! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஈயைத் தட்டிவிடுகிறோம், தூசியைத் தட்டிவிடுகிறோம்.

கோயில் காரியத்துக்குக் காசு கேட்கலாமா, அது கைங்கர்யம் ஆயிற்றே என்று ஒரு வாதம் உண்டு. மிகவும் உருக்கமான வாதம். அன்றைய தினம் நாதஸ்வரக்காரருக்குச் சம்பாவனை உண்டு. பூக்காரருக்குக் காசு உண்டு. ஜெனரேட்டர்காரர் வாடகை வாங்காமல் விளக்கை எரிய விட மாட்டார். அவர்கள் எல்லாம் பக்தி குறைந்தவர்களா? இல்லையே. அவர்கள் வேலை வேலையாகத் தெரிகிறது. இவன் வேலை விளையாட்டாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பையனே மனமுவந்து 'இந்தப் படம் வரதருக்குச் சமர்ப்பணம்' என்று கொடுத்தால் அது கைங்கர்யம். அவன் மடியில் கைவிட்டு எடுத்துக்கொண்டு நாமாக அதற்குக் கைங்கர்யம் என்று பேர் வைப்பதற்கு வேறு சொல் இருக்கிறது. மரியாதை கருதி எழுதாமல் விடுகிறேன்.

2019-ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் கொடுத்தார். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளுகிற பெருமாள். காஞ்சி வீதிகள் ஜன சமுத்திரமாயின. இன்றைக்கும் எத்தனை வீட்டுக் கூடங்களில், எத்தனை கடைகளில் கல்லாவுக்கு மேலே அந்தத் திருவுருவப் படம் இருக்கிறது! சட்டம் போட்டவர் காசு வாங்கினார். கண்ணாடி வெட்டினவர் வாங்கினார். அச்சுப் போட்டவர் வாங்கினார். படம் எடுத்தவன் யார்? நான் பார்த்த படங்களில் சட்டக் கடையின் பேரும் டெலிபோன் எண்ணும் இருந்தன. எடுத்தவன் பேர் ஒன்றிலும் இல்லை. 'பேர் வரும்' என்றார்களே, அந்தப் பேர் வந்த லட்சணம் இது.

கதை படிக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை 1950-லிருந்து வாரா வாரம் படித்த தலைமுறைக்கு வந்தியத்தேவனின் குதிரை கண்ணை விட்டு மறைந்ததில்லை. அந்தக் குதிரையை வரைந்தவர் மணியம் என்று தெரியாத வாசகர் உண்டா? படத்தின் மூலையில் அவர் கையெழுத்து இருந்தது. கோபுலு கையெழுத்தும் அப்படித்தான். தூரிகைக்காரனுக்கு ஒரு மூலையைக் கொடுத்த சமூகம் காமிராக்காரனுக்கு அதைக் கொடுக்க ஏன் மறுக்கிறது? 'யந்திரம் எடுக்கிறது, இவன் பொத்தானை அழுத்துகிறான்' என்ற எண்ணம்தான் காரணம். அப்படியானால் பட்டுச் சேலையைத் தறி நெய்கிறது, நெசவாளர் மிதிக்கிறார் என்று சொல்லிவிடலாமே! செவிலிமேட்டில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், பார்க்கலாம்.

நெசவாளர் வீட்டில் பிறந்தது பையனுக்கு ஒரு லாபம் என்றே நினைக்கிறேன். ஒரு பாவில் மூன்று சேலை; கோர்வை பிடிக்க எதிரே ஒருவர்; முந்தி சேர்க்கிற பெட்னி வேலைக்குத் தனிப் பொறுமை. இத்தனைக்கும் கூலி இவ்வளவு என்று முன்கூட்டிப் பேசித்தான் பாவைத் தறியில் ஏற்றுகிறார்கள். அந்தக் கூலி போதாது என்ற சண்டை இருக்கிறது, நியாயமான சண்டை. ஆனால் 'முதல் சேலையைச் சும்மா நெய்து கொடு, உனக்குப் பேர் வரும்' என்று எந்த முதலாளியும் சொல்லத் துணிந்ததில்லை. அந்த வீதியில் பிறந்தவனுக்கு இந்தப் பாடத்தை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகப்பனாரைப் பார்த்தால் போதும்.

இனி உலகத்துக் கதை ஒன்று. குதிரைப் படம் என்றதும் முதலில் சொல்ல வேண்டிய மனிதன் எட்வேர்ட் மைப்ரிட்ஜ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் சான்பிரான்ஸிஸ்கோவில் தொழில் செய்தவன். லேலண்ட் ஸ்டான்போர்டு என்று ஒரு பெரும் பணக்காரர், ரயில்வே முதலாளி, கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர். அவருக்குக் குதிரைப் பைத்தியம். ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்று அவருக்கு ஒரு சந்தேகம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. 1872-ல் மைப்ரிட்ஜை அமர்த்தினார். ஆறு வருஷம் முட்டி மோதி, 1878 ஜூனில், பாலோ ஆல்டோவில் உள்ள ஸ்டான்போர்டின் பண்ணையில், ஓட்டப் பாதை ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, குதிரை ஓட ஓட ஒவ்வொரு நூலும் அறுந்து ஒவ்வொரு காமிராவும் தானே படம் எடுக்கும்படி செய்தான் மைப்ரிட்ஜ். நாலு காலும் எழும்புகின்றன. அதுவும் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும்போது எழும்பவில்லை, வயிற்றுக்கடியில் கூடியிருக்கும்போது எழும்புகின்றன என்று தெரிந்தது. உலகத்துச் சைத்ரிகர்கள் எல்லாரும் தங்கள் குதிரைகளைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. சினிமா என்கிற சங்கதிக்கும் அதிலிருந்துதான் ஒரு வேர் கிளம்பியது.

அப்புறம் நடந்ததைத்தான் நம்மூர்ப் படக்காரர்கள் கவனிக்க வேண்டும். 1882-ல் ஸ்டான்போர்டு 'ஓட்டத்தில் குதிரை' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். எழுதியவர் என்று ஸ்டில்மன் என்ற டாக்டரின் பேர் போட்டிருந்தது. மைப்ரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் உள்ளே இருந்தன. மைப்ரிட்ஜின் பேர் முகப்புப் பக்கத்தில் இல்லை. அந்தச் சமயம் அவன் லண்டனில் இருந்தான். ராயல் சொசைட்டி என்கிற மகாசபை அவனுடைய ஆராய்ச்சியைப் பிரசுரிக்க இருந்தது. இந்தப் புத்தகம் வந்ததும், 'வேலை உம்முடையதுதானா?' என்ற சந்தேகம் வந்து பின்வாங்கிவிட்டது. அவன் ஸ்டான்போர்டு மேல் வழக்குப் போட்டான், தோற்றான். பணக்காரருடைய குதிரை, பணக்காரருடைய பண்ணை, பணக்காரருடைய பணம். ஆகவே படமும் பணக்காரருடையது என்று உலகம் நினைத்துக்கொண்டது.

மைப்ரிட்ஜ் அதோடு படுத்துவிடவில்லை. 1878-லேயே தன் குதிரைப் படங்களைத் தன் பேரில் காப்பிரைட் செய்து வைத்திருந்தான். படங்களைச் சுழற்றித் திரையில் ஓடவைக்கிற ஒரு கருவியைச் செய்துகொண்டு ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து காசு வாங்கினான். பெனிசில்வேனியா சர்வகலாசாலையைப் பிடித்து, 1887-ல் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுதி ஒன்றைச் சந்தா சேர்த்து விற்றான். ஒரு முதலாளியின் லாயத்தில் கட்டிக் கிடந்தவன் பல வாசல்களில் தீனி தேடக் கற்றுக்கொண்டான் என்று சொல்லலாம். 1904-ல் சொந்த ஊரில் செத்துப்போனான்.

சர்க்கார் உத்தியோகமாக இருந்தால் கவலை இல்லையே என்பவர்களுக்கு நம் சென்னை ராஜதானியிலேயே ஒரு கதை இருக்கிறது. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை 1856-ல் சென்னை சர்க்கார் தன் புகைப்படக்காரராக நியமித்தது. மனிதர் மாட்டு வண்டியில் காமிராவையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அலைந்து எடுத்த படங்களை இன்று உலகத்து மியூசியங்கள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் சுவர்க் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நீண்ட சுருளாகவே ஆக்கினார். 1859-ல் டிரவெல்யன் என்ற புதிய கவர்னர் வந்தார். இதெல்லாம் வீண் ஆடம்பரச் செலவு என்றார். இலாகாவை மூடினார். டிரைப் நோய்வாய்ப்பட்டு விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு கவர்னரின் சிக்கனப் புத்தி போதும், ஒரு கலைஞனின் தொழில் அஸ்தமிக்க.

குதிரைப் பந்தய மைதானத்தை நம்பினவர்கள் கதையும் அதுதான். பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் வெறும் சூதாட்டமல்ல, திறமையைப் பொறுத்தது என்று தீர்ப்புச் சொன்னது. நடுவில் 22 வருஷம் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தையும், செப்டம்பரில் கிண்டி மைதானத்தையும் குத்தகைப் பாக்கிக்காக சர்க்கார் பூட்டி முத்திரை வைத்தது. பந்தயம் நல்லதா கெட்டதா என்று நான் பேச வரவில்லை. எனக்குப் பந்தயம் பிடிக்காது. ஒரே மைதானத்தின் வாசலில் காமிராவோடு நின்றவன், வாசல் சாத்தினால் எங்கே போவான் என்பதுதான் பேச்சு.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது பெரியவர்கள் சொன்னதிலிருந்து வேறு. குதிரையை மட்டும் நம்பிச் செவிலிமேட்டில் அடுப்பு எரியாது. அதை மறைத்து அவனை உற்சாகப்படுத்துவது பாவம். கல்யாணம் எடுக்கட்டும். பட்டுக் கடைக்காரர்களுக்குச் சேலைப் படம் எடுக்கட்டும். பட்டின் பளபளப்பையும் ஜரிகையின் பளபளப்பையும் ஒரே படத்தில் பிரித்துக் காட்டத் தெரிந்தவனுக்குக் காஞ்சியில் வேலைப் பஞ்சம் வராது. கறுப்புக் குதிரையின் தோலில் வெளிச்சம் வழுக்குவதைப் பிடித்த கைக்கு அரக்குப் பட்டு என்ன பிரமாதம்? இதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கதை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் பகலில் கணக்கு எழுதிவிட்டு இரவில் கதை எழுதினார்கள்! ஆனால் கல்யாணத்துக்குக் காசு, குதிரைக்குச் சும்மா என்று மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி வைத்துக்கொண்ட அன்றைக்குக் குதிரை பொழுதுபோக்காகிவிடும். அந்த முதல் பெரியவர் ஜெயித்துவிடுவார்.

கணக்கு ஒன்று பார்க்க வேண்டும். லென்ஸ் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,667 ரூபாய் அந்த லென்ஸ் மட்டும் தின்கிறது, குதிரை கொள்ளுத் தின்பது போல, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்புறம் காமிரா, கம்ப்யூட்டர், கரெண்டு, அந்தியூர் பஸ், அங்கே மூன்று நாள் சோறு. ஒரு நாள் எடுத்ததைச் சீர்படுத்த இரண்டு நாள் உட்கார வேண்டும். இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டவனுக்கு 'சும்மா தட்டிவிடு' என்கிற வார்த்தையின் விலை என்ன என்று தெரியும். எழுதி வைக்காதவன் நூறு ரூபாய்க்கு எல்லாப் படத்தையும் கொடுத்துவிட்டு, தானும் கெட்டு, பக்கத்தில் நிற்கிற படக்காரனையும் கெடுப்பான். தொழிலுக்கு உள்ளேயே இருக்கிற எதிரி அவன். அவனையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தில் பதினேழாவது பிரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அந்தக் காசு கொடுத்தவர்தான். சொந்த இஷ்டத்தில் எடுத்த படமோ எடுத்தவனுக்குச் சொந்தம். அதாவது குதிரைக்காரர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து எடுக்கச் சொன்னால், படம் அவர் வீட்டுச் சொத்து. அவர் அதைக் காலண்டர் போடலாம், விளம்பரம் போடலாம். பையன் கேட்க முடியாது. முன்கூட்டி ஒரு துண்டுக் காகிதத்தில், 'படத்தின் உரிமை எடுத்தவருக்கு, குதிரை விற்பனைக்காகக் காட்டிக்கொள்ள மட்டும் உடையவருக்கு அனுமதி' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. உரிமையை எழுதிக்கொடுக்கிறபோது எத்தனை வருஷத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷத்துக்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையையே விற்றுவிட்டாலும், 'இது நான் எடுத்தது' என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை ஐம்பத்தேழாவது பிரிவின்படி எடுத்தவனை விட்டுப் போகாது. 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு புகைப்படத்துக்கும், கதைக்கு இருப்பதுபோலவே, எடுத்தவன் ஆயுளும் அதற்கப்பால் அறுபது வருஷமும் உரிமைக் காலம். செவிலிமேட்டுப் பையனின் பேரப்பிள்ளைகள்கூட அந்த மார்வாரிக் குதிரையின் காதிலிருந்து ஏதாவது சம்பாதிக்கலாம். ஒரு துண்டுக் காகிதம் இருந்தால்.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, எல்லாருமே படம் எடுக்கிறார்களே, இவனுக்கு எதற்குக் காசு என்று ஒரு கேள்வி பாக்கி. எல்லார் வீட்டிலும் ஊசி இருக்கிறது, தையற்காரர் பிழைக்கிறார். போனில் எடுத்த குதிரையைப் பார்த்திருக்கிறீர்களா? மூக்கு முன்னால் வந்து நம்மை முகர்ந்து பார்க்கும், பின்னங்கால்கள் அடுத்த ஜில்லாவில் நிற்கும். அந்தப் படத்தை நம்பி வெளியூர்க்காரர் யாராவது லட்சக் கணக்கில் விலை சொல்லுவாரா? குதிரைக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் பையனைக் கூப்பிடுகிறார். தெரிந்துகொண்டே சும்மா கேட்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் லாடக்காரனிடம் சும்மா கேட்பதில்லை. கொள்ளுக் கடையில் சும்மா கேட்பதில்லை. தரகரிடம் கேட்டால் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அந்தியூர்க்காரர்கள் படத்துக்குக் காசு தருவார்களா என்று தகப்பனார் என்னைக் கேட்டார். கேட்டால்தானே தெரியும்? சொன்ன தொகையை உடனே எடுத்து வைக்க மாட்டார்கள். குதிரைக்கே அப்படி வைப்பதில்லை. பேரம் பேசுவார்கள். பேசட்டும். சந்தை வழக்கப்படி கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், இத்தனை என்று இவன் ஒரு விரலை அழுத்தட்டும். இல்லை இத்தனைதான் என்று அவர் இன்னொன்றை மடக்கட்டும். பையனுக்குத் துண்டு இல்லை, முழுக்கால் சட்டைதான் போடுகிறான். ஒரு துண்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.